உள்ளீட்டுச் சோதனையைக் கடுமையாக்கும்போது பழைய நிரல் உடையாமல் இருக்க: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் லைப்ரரி டைம்அவுட்டுக்கு (எத்தனை நொடி காத்திருக்கலாம் என்ற வரம்புக்கு) -5 கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறது. இனி எரர் வீசலாம் என்றிருக்கிறோம். மைனர் ரிலீஸில் (பழைய நிரலை உடைக்காத சிறு வெளியீட்டில்) செய்யலாமா, மேஜர் (உடைக்கும் மாற்றமும் வரலாம் என்ற பெரு வெளியீடு) வரை பொறுக்க வேண்டுமா?

பதில்: -5 கொடுத்தவருக்கு இதுவரை என்ன நடந்தது என்று பாருங்கள். எப்படியும் நாலு ஃபங்ஷன் தள்ளி சாக்கெட்டில் (நெட்வொர்க் இணைப்பில்) போய் எரராகி விழுந்துகொண்டிருந்தால், முதல் வரியிலேயே மறிப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை, மைனர் போதும். எரர் வகையை மட்டும் மாற்றாதீர்கள். வேல்யூஎரரைப் பிடிக்க எழுதி வைத்தவரிடம் டைப்எரர் போனால் அதுவும் உடைப்புதான். புது வகை வேண்டுமென்றால் பழையதன் சப்கிளாஸாக (அதன் கிளை வகையாக) வையுங்கள்.

-5 என்றால் ‘வரம்பில்லை’ என்று பொருளாகி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்ததா? ஆவணத்தில் இல்லாவிட்டாலும் அதை நம்பி யாரோ எழுதியிருப்பார்கள். மைனரில் வார்னிங், மேஜரில் எரர். சத்தமில்லாமல் தப்பான விடை கொடுத்துக்கொண்டிருந்ததென்றால் இழுத்தடிக்க வேண்டாம். அடுத்த மைனரிலேயே எரர் ஆக்கி, மாற்றக் குறிப்பின் முதல் வரியில் எழுதுங்கள்.

கேள்வி: பைத்தானில் டெப்ரிகேஷன்வார்னிங் (‘இது விரைவில் நீக்கப்படும்’ என்ற எச்சரிக்கை) போட்டு ஒரு வருஷம் விட்டோம். எரர் ஆக்கியதும் "சொல்லவே இல்லையே" என்கிறார்கள்.

பதில்: அவர்கள் கண்ணில் அது பட்டிருக்காது. அந்த வகை வார்னிங் இயல்பாகவே மறைக்கப்படும். நேரடியாக ஓட்டும் மெயின் ஸ்கிரிப்டின் வரியில் பதிவானால்தான் தெரியும். ஸ்டாக்லெவல் (எத்தனை அழைப்பு மேலே உள்ள வரியில் வார்னிங்கைப் பதிவது என்ற எண்) கொடுக்காவிட்டால் அது உங்கள் லைப்ரரியின் வரியில் பதிவாகிவிடும், அப்போது மெயின் ஸ்கிரிப்டிலிருந்து அழைத்தவருக்கும் தெரியாது. ஸ்டாக்லெவல் 2 வையுங்கள். இடையில் ஒரு உதவி ஃபங்ஷன் இருந்தால் 3. நிரல் எழுதாத பயனருக்கும் எட்ட வேண்டுமென்றால், இயல்பாகவே தெரியும் ஃபியூச்சர்வார்னிங் வகையைப் போடுங்கள். செய்தியில் மூன்று விஷயம் இருக்கட்டும்: வந்த மதிப்பு, பதிலுக்கு எழுத வேண்டியது, எந்த வெர்ஷனில் எரர் ஆகும். "டைம்அவுட் -5 வந்தது, வரம்பு வேண்டாமென்றால் டைம்அவுட்டையே எழுதாமல் விடுங்கள், 3.0 முதல் எரர்." வெறுமனே "தவறான மதிப்பு" என்று எழுதுவது வீண்.

கேள்வி: பாதுகாப்பு ஓட்டை என்றால் வார்னிங் கொடுத்துக் காத்திருக்க முடியாதே?

பதில்: முடியாது. பேட்ச் ரிலீஸிலேயே (பிழைதிருத்த வெளியீட்டிலேயே) ஓட்டையை அடைத்துவிடுங்கள், ஆனால் பழையபடி ஓட்ட ஒரு ஸ்விட்ச் விட்டுவையுங்கள். 2022-இல் பைத்தான் செய்தது நல்ல மாதிரி. மிக நீண்ட தசம எழுத்துச்சரத்தை முழு எண்ணாக்க, இலக்கங்கள் இரட்டித்தால் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். அதை வைத்தே சர்வரை முடக்கலாம். அதனால் 4300 இலக்க வரம்பு போட்டார்கள், 3.7 வரை பழைய கிளைகளுக்கும் கொண்டுபோனார்கள். 16 அடிமானத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை, எனவே வரம்பும் இல்லை. வேண்டியவர் சூழல் மாறியில் 0 கொடுத்து வரம்பை நீக்கலாம். இப்படி மொத்த பிராசஸையும் பாதிக்கும் ஸ்விட்சைத் தொடும் உரிமை செயலியை எழுதுபவருக்கே. நடுவில் இருக்கும் லைப்ரரி தொடக் கூடாது. கோ மொழியில் பழைய நடத்தைக்குத் திரும்ப உதவும் கோடீபக் அமைப்புகளைக் குறைந்தது இரண்டு ஆண்டு வைத்திருக்கிறார்கள். நீங்களும் ஒரு காலக்கெடு சொல்லிவிடுங்கள்.

கேள்வி: வருவதைத் தாராளமாக ஏற்பதுதானே நல்ல வழக்கம்?

பதில்: ஒரே பொருள் மட்டும் வருமிடத்தில் தாராளம் சரி: ஓரத்து வெற்றிடத்தை நீக்குவது போல. 010.0.0.1 என்ற ஐபி முகவரி அப்படியல்ல. ஒரு நிரல் அதை 10.0.0.1 என்று படிக்கும், எட்டடிமானமாகப் படிக்கும் நிரலுக்கு அது 8.0.0.1. சோதிப்பது ஒன்று, இணைப்பது இன்னொன்று என்றால் ஃபில்டர் இருந்தும் பயனில்லை. பைத்தான் 3.8-இல் முன்பூஜ்யத்தை அனுமதித்து, 3.9.5-இல் மறுத்தது, கோ 1.17-உம் மறுக்கிறது.

கேள்வி: கான்ஃபிகில் (அமைப்புக் கோப்பில்) தெரியாத கீ, அதாவது அமைப்பின் பெயர், வந்தால்?

பதில்: மனிதர் கையால் எழுதும் கோப்பென்றால் எரர், எழுத்துப்பிழையாக இருக்கலாம். வேறு சிஸ்டம் அனுப்பும் செய்தியென்றால் கண்டுகொள்ளாதீர்கள். அது புது வெர்ஷனாக இருக்கும்.

கேள்வி: ஏற்கெனவே சேமித்த தரவு புது விதிக்குள் வரவில்லை.

பதில்: எழுதும்போது சோதியுங்கள், படிக்கும்போது வேண்டாம். திறக்கவே முடியாத பதிவை யாரும் திருத்த முடியாது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ‘நாட் வேலிட்’ என்று செக் (மதிப்பைச் சோதிக்கும் விதி) சேர்த்தால் பழைய வரிசைகள் அப்படியே கிடக்கும், புதியவை சோதிக்கப்படும். ஆனால் பழைய வரிசையில் சம்பந்தமில்லாத தொலைபேசி எண்ணை மாற்றினாலும் அந்தச் செக் ஓடி, அப்டேட் தோற்கும். ஆகவே முதலில் விதிமீறும் வரிசைகளை எண்ணிப் பாருங்கள். திருத்தி முடித்தபின், பழைய வரிசைகளையும் சோதிக்கும் ‘வேலிடேட் கன்ஸ்ட்ரெயின்ட்’ கட்டளையை ஓட்டுங்கள்.