புன்னங்கொட்டை முளைக்கலையா? ஓட்டை உடைச்சுப் போடுங்க

கேள்வி: ஐயா வணக்கம், வேதாரண்யம் பக்கம் கடல்ல இருந்து ஒரு கிலோமீட்டர்ல வீடு. 2018 கஜா புயல்ல தென்னை, வாசல்ல நின்ன தூங்குமூஞ்சி எல்லாம் சாஞ்சு போச்சு, நிழலே இல்ல. வருஷம் பூரா பச்சையா நிக்கிற நாட்டு மரம் வேணும்னு புன்னங்கொட்டை 20 பொறுக்கிட்டு வந்து ஊனினேன், ஒரு மாசமாச்சு ஒண்ணுகூட வரல. பேசாம நர்சரில எட்டடி கன்னா வாங்கிடவா?

பதில்: வணக்கம் தம்பி. மரம் சரியாத்தான் புடிச்சிருக்கீங்க, உப்புக்காத்து, மணல் ரெண்டுக்கும் புன்னை அசராது. கொட்டையை தூக்கிப் போட்டுறாதீங்க, அதோட ஓடு அவ்ளோ கெட்டி, ஓட்டோட ஊனினா முளைக்க ரெண்டு மாசம் கூட ஆகும், ஓட்டை எடுத்துட்டு பருப்பை மட்டும் ஊனினா மூணு வாரத்துல எட்டிப் பாத்துரும். சுத்தியலால போட்டா பருப்பு நசுங்கிடும், கதவு இடுக்குல வச்சு மெதுவா அழுத்துங்க, டக்குனு ஒரு சத்தம் வரும், அதோட நிறுத்திட்டு நகத்தால உரிச்சிரலாம்.

எட்டடி கன்னு மட்டும் வேணவே வேணாம். நானே ஒருதடவை ஆசப்பட்டு ஏழடி கன்னு வாங்கி வச்சேன், பாக்க ஜோரா இருந்துச்சு, மூணாம் வருஷம் ஐப்பசி காத்துல அப்படியே படுத்துருச்சு, தோண்டிப் பாத்தா வேர் பையில இருந்தமாதிரியே முறுக்கு சுத்தி கிடக்கு, ஆணிவேர் கீழ போகவே இல்ல. புயல் ஊர்ல மரம் நிக்கிறதே அந்த ஆணிவேர்லதான். அதனால நிக்கப்போற எடத்துலயே நேரா ஊனுங்க, இல்லன்னா ஒரு அடிக்குள்ள இருக்கிற கன்னா வைங்க. குச்சி நட்டா இறுக்கி கட்டாதீங்க, காத்துல கொஞ்சம் ஆடுனாத்தான் தண்டு தடிக்கும்.

குழி ரெண்டடிக்கு ரெண்டடி, மக்குன சாணி போதும். சுவத்துல இருந்து 20 அடியாவது தள்ளி வைங்க, நல்லா குடை மாதிரி விரியும். மொத கோடைக்கு மட்டும் கடல் காத்து வர்ற பக்கமா தென்னங்கீத்து மறைப்பு கட்டுங்க, போர் தண்ணி உப்பா இருந்தா பிஞ்சுக்கு ஊத்தாதீங்க, வளந்தப்பறம் பிரச்சனை இல்ல.

ஒரு உண்மையையும் சொல்லிடறேன், இது மெதுவாத்தான் வளரும், உக்கார நிழல் வர ஏழெட்டு வருஷம் ஆயிரும். அதுவரைக்கும் பக்கத்துல ரெண்டு முருங்கை போட்டுக்கங்க, கறிக்கும் ஆச்சு. கிளை கழிக்கும்போது பால் வடியும், கண்ணுல படாம பாத்துக்கங்க. காய்க்க ஆரம்பிச்சா உருண்டை உருண்டையா கொட்டை உதிரும், வாசப்படி கிட்ட கிடந்தா வயசானவங்க கால் வழுக்கிரும், பொறுக்கி வச்சா வெளக்கு எண்ணெய்க்கு ஆட்டிக்கலாம். ராத்திரி வௌவால் வேற பழத்துக்கு வரும், துணி காயப்போடற கொடியை மட்டும் தள்ளி கட்டிக்கங்க.