டிஷ் கேள்வி-பதில்: முதலில் கம்பம், அப்புறம் சிக்னல்

வந்த கடிதங்களில் பாதி, ‘அண்ணாச்சி, சிக்னல் வரல, என்ன செய்ய?’ என்ற ஒற்றை வரிதான். டிஷ் எத்தனை அடி, எந்த சாட்டிலைட், அலைவரிசை சி பேண்டா கேயு பேண்டா என்று ஒரு விவரமும் இல்லை. அவற்றை ஓரமாக வைத்துவிட்டேன். விவரத்தோடு எழுதியவர்களுக்கு மட்டும் பதில்.

ஆறடி மெஷ் (வலைக்கம்பி) டிஷ்ஷில் 83 டிகிரி கிழக்கு சாட்டிலைட்டை நடுவில் வைத்துவிட்டேன். 66-க்கான எல்.என்.பி.யை (டிஷ்ஷுக்கு முன்னால் நின்று சிக்னலை வாங்கும் கருவி) மேற்குப் பக்கம் எவ்வளவு நகர்த்தியும் பிடிக்கவில்லை. (அம்பாசமுத்திரம்)

பிடிக்காது. டிஷ் கண்ணாடி மாதிரி, எல்லாம் இடவலம் மாறும். 66 மேற்கே இருக்கிறது, அதன் எல்.என்.பி. கிழக்குப் பக்கம் வர வேண்டும். இரண்டுக்கும் இடைவெளி அதிகம் என்பதால் ஓரத்து எல்.என்.பி.க்கு சிக்னல் குறையும். எது உங்கள் வீட்டில் பலவீனமோ அதை நடுவில் வையுங்கள். கம்பம் நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தீர்களா?

ஆறடி டிஷ்ஷில் 66, 68.5 இரண்டுக்கும் தனித்தனி சி பேண்ட் எல்.என்.பி. வைக்கலாமா? (களக்காடு)

இடம் பத்தாது. ஆறடி டிஷ்ஷில் இரண்டுக்கும் நடுவே மூன்று, நான்கு சென்டிமீட்டர்தான் கிடைக்கும். எல்.என்.பி.யின் வாய் அதைவிட அகலம்.

யூடியூப் வீடியோவில் காட்டியபடியே ஃப்ரீ டிஷ் மாட்டினேன். அதே சாய்வு, அதே திசை. ஸ்ட்ரெங்த் காட்டுகிறது, குவாலிட்டி பூஜ்யம். (பாளையங்கோட்டை)

வீடியோ எடுத்தவர் எந்த ஊர் என்று பார்த்தீரா? நீங்கள் அனுப்பிய வீடியோவில் அவர் இந்தி பேசுகிறார், பின்னால் டெல்லி மெட்ரோ ஓடுகிறது. டெல்லியில், ஃப்ரீ டிஷ் வரும் 93.5 டிகிரி ஜிசாட் 15 சாட்டிலைட் அடிவானத்திலிருந்து 52 டிகிரி உயரத்தில் நிற்கும். நமக்கு 69. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம், சாட்டிலைட் எல்லாம் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலேதான். எல்.என்.பி. நடுவில் இல்லாமல் கீழே தள்ளி நிற்கும் ஆஃப்செட் டிஷ் என்பதால் இதில் ஒரு 25 கழியும். ஆக அவர் டிஷ் 27 டிகிரி பின்னால் சாய்ந்தால், உங்களுடையது 45 வாக்கில் சாய வேண்டும். திசையும் வேறு. அவருக்குத் தென்கிழக்கைவிடத் தெற்கே ஒதுங்கி, நமக்குக் கிழக்கே ஒதுங்கி.

அதைவிட முக்கியம், எல்.என்.பி.யைத் திருப்புவது. டெல்லியில் 27 டிகிரி, இங்கே 60 டிகிரி. டிஷ்ஷுக்குப் பின்னால் நின்று வானத்தைப் பார்த்தபடி இடஞ்சுழியாகத் திருப்பி, அங்கிருந்து கொஞ்சம் முன்னும் பின்னும் ஆட்டிக் குவாலிட்டியைப் பாருங்கள். ஸ்ட்ரெங்த் பட்டையைப் பார்த்து ஏமாறாதீர்கள். எல்.என்.பி.க்குக் கரண்ட் போனாலே அது ஏறும்.

போன ஆடியில் ஒரு வீட்டு மாடியில் இதே கதைதான். மாட்டிய பையன் செல்போன் காம்பஸை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் திசையைத் தேடியிருக்கிறான். நம் ஊரில் திசை இரண்டு டிகிரி பிசகினால் வானத்தில் ஒரு டிகிரிகூட நகராது, உயரம் பிசகினால்தான் போச்சு. நான் தூக்குக்குண்டு பிடித்தேன். நூல் மேலே கம்பத்தை ஒட்டி, கீழே இரண்டு விரற்கடை தள்ளி நின்றது. ஒரு மீட்டர் கம்பத்துக்கு அது இரண்டு டிகிரி. ஸ்கேலில் 69 வைத்தாலும் உண்மையில் 67-தான். அடியில் ஒரு தகரத் துண்டைச் செருகி போல்ட்டை இறுக்கினேன். பத்து நிமிடத்தில் படம் வந்துவிட்டது.

குற்றாலச் சாரல் பலத்தால் படம் கட்டம் கட்டமாக உடைகிறது. (தென்காசி)

கேயு பேண்டுக்கு மழை ஆகாது. இரண்டடி டிஷ்ஷை எடுத்துவிட்டு மூன்றடி போடுங்கள், பரப்பு இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். ஆடிக் காற்றுக்குக் கம்பத்தையும் இழுத்துக் கட்டுங்கள்.

மார்ச் மாதம் நாலைந்து நாள் காலை 11 மணி வாக்கில் ஃப்ரீ டிஷ் தானாகப் போய், தானாக வருகிறது. ரிசீவரை மாற்றவா? (சங்கரன்கோவில்)

வேண்டாம். அந்த நேரம் சூரியன் சாட்டிலைட்டுக்கு நேர் பின்னால் வருகிறது. செப்டம்பர் கடைசியிலும் வரும்.

டைசெக் சுவிட்சில் (பல எல்.என்.பி.களை ஒரே கேபிளில் ரிசீவருக்குக் கொடுப்பது) நான்கு எல்.என்.பி. கொடுத்தேன், ஒன்றுதான் வேலை செய்கிறது. (நாங்குநேரி)

சுவிட்சில் எந்த போர்ட்டோ, மெனுவிலும் ஒவ்வொரு சாட்டிலைட்டுக்கும் அதே போர்ட். மெனுவில் எல்.என்.பி. அலைவரிசை சி பேண்டுக்கு 5150, கேயு பேண்டுக்கு 9750/10600. ரிசீவரை அணைக்காமல் கேபிளைக் கழற்றி மாட்டினீர்கள் என்றால் சுவிட்ச் போயிருக்கும்.

வருஷத்துக்கு ஒரு எல்.என்.பி. போகிறது. (உவரி)

கடல் காற்று. கனெக்டருக்கு ரப்பர் மூடி போடுங்கள். எல்.என்.பி.க்குக் கீழே கேபிளை ஒரு வளையமாகத் தொங்கவிட்டால் மழைத் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். நடுவில் கேபிளை ஒட்டுப்போட்டு டேப் சுற்றியிருப்பீர்கள், அதை வெட்டி எறிந்துவிட்டு ஒரே நீளமாக இழுங்கள். கம்பமும் துருப்பிடித்துச் சாய்ந்திருக்கும், தூக்குக்குண்டு பிடித்துப் பாருங்கள்.

குரங்கு எல்.என்.பி.யைப் பிடித்துத் தொங்குகிறது. (பாபநாசம்)

அதற்கு என்னிடம் செட்டிங் இல்லை.