எண்களை மட்டுமே பேசத் தெரிந்த கணிதம், தன் குறியீடுகளைப் பற்றித் தானே எப்படிப் பேசுகிறது?

மரத்தில் எத்தனை எழுத்து என்று கேட்டால் சிரிப்பீர்கள். ‘மரம்’ என்பதில் எத்தனை என்றால் மூன்று என்பீர்கள். பொருளை விட்டுச் சொல்லைச் சுட்ட ஒரு மேற்கோள் குறி போதும்.

இலக்கணக்காரர்களுக்கு இது பழைய தலைவலி. தொல்காப்பியம் அ என்ற எழுத்தைச் சுட்ட ‘கரம்’ சேர்த்து அகரம் என்கிறது; கரம், காரம், கான் எல்லாம் எழுத்துச் சாரியைகள். சமஸ்கிருத இலக்கணம் எழுதிய பாணினி வேறு வழி போனார்: சூத்திரத்தில் வரும் சொல் தன் வடிவத்தையே குறிக்கும், கலைச்சொற்கள் மட்டும் விலக்கு. ‘அக்னி’யோடு விகுதி சேர் என்றால் சொல்லோடுதான், நெருப்போடு சேர்த்தால் கை சுடும்!

எண்கணிதத்திடம் மேற்கோள் குறியும் இல்லை, சாரியையும் இல்லை. 1931இல் கணித அறிஞர் குர்ட் கோடெல் அதற்கு எண்களையே பெயராக்கினார். அவருடைய முழுப் பட்டியல் வேறு; எளிமைக்காக நான் 0 என்ற குறிக்கு 1, = என்ற குறிக்கு 2 என்று வைக்கிறேன். ‘0=0’ என்ற சூத்திரத்தின் குறிகள் வரிசையாக 1, 2, 1. இவற்றைப் பகா எண்களின் அடுக்குகளாக்கினால் 2¹ × 3² × 5¹ = 90. எந்த எண்ணையும் ஒரே விதமாகத்தான் பகா எண்களாகப் பிரிக்க முடியும் என்பதால், 90ஐப் பிரித்தால் அதே ‘0=0’ திரும்பக் கிடைக்கும்.

எனக்குப் பிடித்த இடம் இதுதான்: “90ஐ 2 வகுக்கும், 4 வகுக்காது.” பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. ஆனால் 2இன் அடுக்கு 1 என்பதால், அதுவே “அந்தச் சூத்திரத்தின் முதல் குறி 0” என்றும் சொல்கிறது!

சரி, ஒரு வாக்கியம் தன்னையே சுட்ட வேண்டுமென்றால்? தன் எண்ணை உள்ளே எழுதினால் வாக்கியம் நீளும், எண் மாறிவிடும். தன் மூலநிரலையே அச்சிடும் கணினி நிரலை முதலில் எழுத முயன்றபோது நானும் இதில்தான் மாட்டினேன். மேற்கோளுக்குள் மேற்கோளாகப் போய்க்கொண்டே இருந்தது. கோடெல் தன் வாக்கியத்துக்குள் அதன் எண்ணை எழுதவில்லை, அந்த வாக்கியத்தையே உருவாக்கும் முறையை எழுதினார்: “இந்த எண்ணுள்ள சூத்திரத்தை எடு, அதன் காலியிடத்தில் அதே எண்ணைப் போடு, வருவதை நிரூபிக்க முடியாது.” சொன்னபடி செய்து பாருங்கள், வருவது அந்த வாக்கியமேதான். என் நிரலும் அப்படித்தான் ஓடியது: ஒரு வார்ப்புரு, அதற்குள் அதே வார்ப்புரு.