3.8 சதவீதத்திலிருந்து

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியன். நாகப்பட்டினத்தில் என் வீட்டு மொட்டைமாடியில் சோலார் பேனல் அமைக்க எண்ணியிருக்கிறேன். 'பெரோவ்ஸ்கைட்' என்ற பொருள், இன்றைய பேனல்களில் பயன்படும் சிலிக்கானை விரைவில் ஓரங்கட்டிவிடும் என்று பல ஆண்டுகளாகச் செய்திகளில் படித்துவருகிறேன். ஒவ்வொரு முறையும் ஏதேனும் ஒரு பல்கலைக்கழகம் புதிய சாதனையை அறிவிக்கிறது. கடையில் விசாரித்தால் அந்தப் பெயரே எவருக்கும் தெரிவதில்லை. இவையெல்லாம் ஆய்வு நிதிக்காகச் சொல்லப்படும் மிகைக் கூற்றுகள்தானா? நான் காத்திருக்கலாமா, இப்போதே சிலிக்கானை வாங்கிவிடலாமா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள ஐயா,

உங்கள் ஐயம் நியாயமானது. ஆனால் அந்த அறிவிப்புகள் பொய்யல்ல. அவற்றில் சொல்லப்படும் எண்கள் உண்மையானவை. எந்த நிலைமையில் அந்த எண்கள் கிடைத்தன என்பதுதான் செய்தியாகும்போது பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது.

1839இல் குஸ்டாவ் ரோஸ் என்ற ஜெர்மானியக் கனிமவியலாளர் யூரல் மலைப்பகுதிக் கனிமம் ஒன்றை ஆராய்ந்து, ரஷ்யரான லெவ் பெரோவ்ஸ்கியின் பெயரை அதற்குச் சூட்டினார். அதே படிக அமைப்பைக் கொண்ட பொருள்கள் அனைத்துக்கும் இன்று அந்தப் பெயர் வழங்குகிறது. சூரிய மின்கலத்தில் பயன்படுவது ஈயமும் அயோடினும் ஒரு கரிம அயனியும் (அதாவது மின்னூட்டம் கொண்ட கார்பன் சேர்மத் துகளும்) சேர்ந்த வகை. அதை முதலில் மின்கலமாக்கியவர்கள் யோகோஹாமாவின் டோயின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுடோமு மியாசகாவும் அவருடைய ஆய்வகத்தில் பணிபுரிந்த அகிஹிரோ கோஜிமா என்ற மாணவரும். 2009இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் இருந்த எண் 3.8 சதவீதம், அதாவது விழும் ஒளியாற்றலில் அவ்வளவே மின்சாரமாயிற்று. அந்தக் கலத்துக்குள் இருந்த திரவமே பெரோவ்ஸ்கைட்டைக் கரைத்துவிட்டதால் அது நெடுநேரம் நீடிக்கவும் இல்லை. அன்று அதைப் பெரிதாகக் கவனித்தவர் மிகச் சிலரே.

நான் இந்தக் கதையில் மிகவும் மதிக்கும் இடம் அடுத்து வருவது. 2012இல் ஆக்ஸ்போர்டில் ஹென்றி ஸ்னைத்தின் குழு அந்தத் திரவத்தை நீக்கித் திடப்பொருளை வைத்தது. தென்கொரியாவின் சுங்யுங்வான் பல்கலைக்கழகத்தில் பார்க் நாம்-கியூவின் குழுவும் அதே ஆண்டில் அதைச் செய்தது. ஆனால் ஆக்ஸ்போர்டு குழு ஒரு படி மேலே சென்று, எலெக்ட்ரான்களைக் கடத்துவதற்காக வைக்கப்பட்டிருந்த டைட்டானியம் ஆக்சைடை எடுத்துவிட்டு, மின்சாரத்தைக் கடத்தாத அலுமினியம் ஆக்சைடை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தது. அதுவரை இருந்த புரிதலின்படி கலம் செயலற்றுப் போயிருக்க வேண்டும். மாறாக மின்னழுத்தம் கூடியது, செயல்திறன் 10.9 சதவீதத்தை எட்டியது. ஒளியை உறிஞ்சுவதோடு மின்னூட்டங்களைக் கடத்தும் வேலையையும் பெரோவ்ஸ்கைட் தானே செய்கிறது என்பது அப்போதுதான் தெளிவாயிற்று. விற்பனைக்கு ஒரு பொருளை ஆயத்தம் செய்யும் நிறுவனம், இயங்கிக்கொண்டிருக்கும் கலத்திலிருந்து இன்றியமையாததாகக் கருதப்பட்ட ஒரு பகுதியைப் பிடுங்கிவிட்டு என்ன நேர்கிறது என்று பார்ப்பது அரிது. பல்கலைக்கழகம் அதைச் செய்தது; அதற்குப் பிறகுதான் உலகெங்கும் ஆய்வகங்கள் இந்தப் பொருளின் பக்கம் திரும்பின.

1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஏறத்தாழ 6 சதவீதத்தில் தொடங்கிய சிலிக்கான் மின்கலம் 25 சதவீதத்தைத் தொட நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. பெரோவ்ஸ்கைட் அதைப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் கடந்தது. சிலிக்கானை 1,400 டிகிரி செல்சியசுக்கு மேல் உருக்கி, மிகத் தூய படிகமாக வளர்த்து, மெல்லிய வில்லைகளாக அறுக்க வேண்டும். பெரோவ்ஸ்கைட்டின் மூலப்பொருள்களையோ ஒரு கரைப்பானில் கரைத்து, கண்ணாடியின் மீது மை போலப் பூசி, ஏறக்குறைய 100 டிகிரியில் சூடாக்கினால் அரை மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு தடிமனில் படலம் உருவாகிவிடும். அதன் படிகத்தில் குறைபாடுகள் இருந்தாலும் அவை மின்னூட்டங்களை எளிதில் சிறைப்படுத்துவதில்லை. இந்தக் குணத்தால்தான் அது ஒளியை உமிழவும் வல்லது. 2014இல் கேம்பிரிட்ஜில் ரிச்சர்ட் ஃபிரெண்டின் குழு இதே வகைப் பொருளைக் கொண்டு அறை வெப்பநிலையில் ஒளிரும் எல்இடிகளைச் செய்துகாட்டியது. சூரிய மின்கல ஆய்வும் திரை, விளக்கு சார்ந்த மின்னணு ஆய்வும் இங்கே ஒன்றையொன்று வளர்க்கின்றன.

இவ்வளவு எளிதாகக் கூடும் பொருள் அவ்வளவே எளிதாகக் குலையவும் செய்யும் என்பதுதான் தாமதத்துக்குக் காரணம். ஈரப்பதம், ஆக்சிஜன், வெப்பம், புற ஊதா ஒளி ஆகிய நான்கும் அதைத் தாக்குகின்றன. போதாதென்று அதன் அயனிகள் படிகத்துக்குள்ளேயே இடம்பெயர்கின்றன. பேனல்களுக்கான பன்னாட்டுச் சோதனைகளுள் ஒன்றில், 85 டிகிரி வெப்பத்திலும் 85 சதவீத ஈரப்பதத்திலும் 1,000 மணி நேரம் வைத்துப் பார்க்கிறார்கள். அது 42 நாள்கூட இல்லை. உங்கள் மாடியில் பேனல் இருக்கப்போவதோ 25 ஆண்டுகள், அதாவது 2,19,000 மணி நேரம். அதுவும் கடற்கரை ஊரின் உப்புக்காற்றில். செய்தியில் 'சாதனை' என்று படிக்கும்போது, அந்தக் கலத்தின் பரப்பு எவ்வளவு, அது எத்தனை மணி நேரம் இயங்கியது என்ற இரண்டையும் நீங்கள் தேடிப் பார்க்க வேண்டும். விரல்நகத்தளவுக் கலத்தில் சீராக அமையும் படலம் ஒரு சதுர மீட்டரில் அப்படியே அமைவதில்லை. இந்த இரண்டு எண்களையும் தலைப்புக்கு அடுத்த வரியிலேயே தருவது அறிவிப்பவர்களின் கடமை என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

ஈயத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆயினும் சொல்ல வேண்டும். ஒரு சதுர மீட்டர்ப் படலத்தில் இருப்பது ஒரு கிராமுக்கும் குறைவான ஈயம்தான். ஆனால் அது நீரில் கரையக்கூடிய சேர்மமாக இருப்பதால், உடைந்த பேனலின் மீது மழை பெய்தால் என்ன ஆகும் என்ற கேள்வியைச் சிறியதென்று ஒதுக்கிவிட முடியாது. ஈயத்துக்குப் பதிலாக வெள்ளீயத்தைப் பயன்படுத்தும் முயற்சிகள் நடக்கின்றன. அது காற்றில் இன்னும் விரைவாகக் கெடுகிறது.

சிலிக்கானை ஓரங்கட்டுவது என்ற பேச்சையே இன்று ஆய்வாளர்கள் பலர் விட்டுவிட்டார்கள். சிலிக்கானின் மீதே பெரோவ்ஸ்கைட்டைப் பூசினால், நீலமும் பச்சையுமான ஒளியை மேலடுக்கு எடுத்துக்கொள்ளும். சிவப்பும் அகச்சிவப்பும் கீழே இறங்கிச் சிலிக்கானைச் சேரும். தனிச் சிலிக்கானின் கோட்பாட்டு எல்லை ஏறத்தாழ 29 சதவீதம். 2023இல் சீனாவின் லோஞ்சி நிறுவனம் இத்தகைய இரட்டையடுக்குக் கலத்தில் 33.9 சதவீதத்தை எட்டியது. அதன் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டர் அளவே. ஸ்னைத்தின் ஆய்வகத்திலிருந்து 2010இல் பிறந்த ஆக்ஸ்போர்டு பிவி நிறுவனம், 2024 செப்டம்பரில் தன் இரட்டையடுக்குப் பேனல்களை முதன்முறையாக வணிக முறையில் அமெரிக்காவுக்கு அனுப்பியது. அவற்றின் செயல்திறன் 24.5 சதவீதம். ஆய்வகக் கலத்துக்கும் முழுப் பேனலுக்கும் உள்ள தொலைவை இந்த இரண்டு எண்களே உங்களுக்குச் சொல்லும்.

எனவே காத்திருக்க வேண்டாம், ஐயா. இப்போதே சிலிக்கான் பேனலை வாங்கிக்கொள்ளுங்கள். அது மாடியில் இயங்கும் ஆண்டுகளில், இரட்டையடுக்குப் பேனல்கள் வெயிலிலும் மழையிலும் எத்தனை ஆண்டுகள் தாங்குகின்றன என்பது அளந்தறியப்பட்டிருக்கும். உங்கள் பேனலை மாற்றும் காலம் வரும்போது, அந்தக் கணக்கை வைத்து வீட்டில் உள்ளவர்கள் முடிவெடுக்கலாம்.

அன்புடன்,
ஆசிரியர்