பையா, வாணலியா? – ஸ்வீடிஷ் இறைச்சி உருண்டை பற்றி ஒரு கடிதம்

வணக்கம் அக்கா,

மேற்படிப்புக்கு உப்சாலா வந்திருக்கிறேன். இங்கே கடைகளில் ஃப்ரீசரைத் திறந்தால் இறைச்சி உருண்டைப் பைகளாகவே இருக்கின்றன. ஒன்றை வாங்கி, அடுப்பைக் கூட்டி வைத்து வறுத்து, பாக்கெட் சாஸ் ஊற்றிச் சாப்பிட்டேன். ரப்பர்! அறைத்தோழி ஸ்வீடன்காரி, “அதையெல்லாம் வீட்டில் உருட்டணும்” என்று சிரிக்கிறாள். மாட்டிறைச்சி எனக்குப் பழக்கமில்லை. நம் கோலா உருண்டை பக்குவத்தில் செய்துவிடலாமா? அவ்வளவு மெனக்கெட அதில் ஏதாவது இருக்கிறதா?

ஆர்., உப்சாலா

அன்புள்ள ஆர்.,

பைக்காக முதலில் கொஞ்சம் வாதாடிவிடுகிறேன். வேலைநாள் இரவில் அந்த ஊர்க் குடும்பங்கள் சாப்பிடுவதும் பெரும்பாலும் அதுதான். மக்ரோனி வேகவைத்து, உருண்டைகளை வெண்ணெயில் புரட்டி, மேலே கெட்சப். சிரித்த தோழியும் அதைத் தின்றுதான் வளர்ந்திருப்பாள். பை உருண்டை ஏற்கெனவே வெந்தது. அதைச் சூடாக்கினால் போதும். நீங்கள் இன்னொரு தடவை வேகவைத்திருக்கிறீர்கள், ரப்பராகாமல் என்ன செய்யும்? மிதமான தீ, ஒரு கரண்டி வெண்ணெய், உள்ளே சூடு ஏறியதும் இறக்கிவிடுங்கள்.

ஆனால் பை தராத ஒன்று உண்டு. பச்சை இறைச்சியை வெண்ணெயில் வறுக்கும்போது வாணலியின் அடியில் பழுப்பாகப் பிடிக்கிறதே, அந்தக் கசடு. சாஸின் ருசி முழுக்க அதில்தான். விடுமுறை நாளில் மெனக்கெடுவது அதற்காகத்தான்.

அரைக் கிலோ கொத்துக்கறிக்கு 50 மி.லி. அளவு ரொட்டித்தூள், 100 மி.லி. பால். தூளைப் பாலில் கொட்டிப் பத்து நிமிடம் மறந்துவிடுங்கள். அவசரக்காரர்கள் இங்கேதான் கோட்டை விடுவார்கள். சூடு ஏறும்போது இறைச்சியின் புரதம் சுருங்கித் தன் நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். ஊறிய ரொட்டி அதைப் பிடித்து வைக்கும். புரத இழைகள் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளாமலும் தடுக்கும். உலர்ந்த தூளை நேராகப் போட்டால் இருக்கிற ஈரத்தையும் அதுவே குடித்துவிடும்.

பிறகு ஒரு முட்டை, உப்பு, வெள்ளை மிளகுத்தூள், ஒரு சிட்டிகை ஆல்ஸ்பைஸ் (கிராம்பும் பட்டையும் கலந்தாற்போல் மணக்கும் ஒரு காய்ந்த காய்). வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி வெண்ணெயில் வதக்கி, ஆறவிட்டுச் சேருங்கள். பச்சையாகப் போட்டால் உருண்டை விண்டுபோகும். கையில் ஒட்டும்வரை பிசைந்து, ஒன்றை மட்டும் வறுத்து உப்புப் பாருங்கள். சரியாக இருந்தால் கையை நனைத்துக்கொண்டு மீதியை உருட்டலாம். வெண்ணெயின் நுரை அடங்கியதும் உருண்டைகளைப் போட்டு, கரண்டியால் திருப்பாமல் வாணலியின் கைப்பிடியைப் பிடித்து வட்டமாக ஆட்டுங்கள். அவை தாமாகவே உருண்டு நிறம் பிடிக்கும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வறுக்க வேண்டும். வாணலியை நெரித்தால் ஆவியில் வெந்து வெளுத்துப்போகும்.

எடுத்து வைத்துவிட்டு, அதே வாணலியில் கொஞ்சம் மைதா, இறைச்சிச் சாறு, கிரீம், நிறத்துக்கு ஒரு தேக்கரண்டி சோயா சாஸ். ஆமாம், சோயாதான். கடைக்குள்ளேயே உணவகம் வைத்து இந்த உருண்டை விற்கும் ஸ்வீடிஷ் மரச்சாமான் நிறுவனமான ஐக்கியா, 2020 ஏப்ரலில், ஊரடங்கின்போது வெளியிட்ட வீட்டுச் செய்முறையிலும் அது இருக்கிறது. அவர்கள் உருண்டைகளை வறுத்தபின் 180 டிகிரி ஓவனில் அரை மணி நேரம் வைக்கச் சொல்கிறார்கள். கூட்டம் அதிகமென்றால் நல்ல வழி.

கோலா உருண்டைப் பக்குவம் வேண்டாம். அதில் பொட்டுக்கடலை மாவு ஈரத்தை இழுத்துக்கொள்ள, எண்ணெயில் மேல்தோல் மொறுமொறுக்கும். அதன் அழகே அதுதான். இதற்கு வேண்டியது மெத்தென்ற பதம். சோம்பும் பட்டையும் கேட்கிறதென்றால் கோலாவையே செய்துவிடுங்கள், தோழிக்கும் கொடுங்கள்.

மாடு பன்றி கலந்த கறிதான் அங்கே வழக்கம். பன்றி மட்டும் போட்டாலும் நன்றாகவே வரும். கோழியென்றால் தொடைக்கறி, பாலுக்குப் பதில் கிரீம். 2018-ல் ஹைதராபாத்தில் கடை திறந்த ஐக்கியாவே மாடும் பன்றியும் தவிர்த்துக் கோழி உருண்டைதான் பரிமாறியது. அதே ஆண்டு ஸ்வீடனின் அதிகாரபூர்வ ட்விட்டர் கணக்கு, இந்த உருண்டையே பன்னிரண்டாம் சார்ல்ஸ் மன்னர் துருக்கியிலிருந்து கொண்டுவந்தது என்று எழுதிவிட்டது. 1709-ல் பொல்தாவா போரில் தோற்றபின் அவர் ஒட்டோமான் (அன்றைய துருக்கிப் பேரரசு) மண்ணில் ஐந்து வருடம் தங்கியது உண்மை. உருண்டையை அவர்தான் கொண்டுவந்தார் என்பதற்கு ஆதாரம் வலுவாக இல்லை. கொத்திய இறைச்சியை உருட்ட மன்னர் எதற்கு?

தட்டில் இரண்டு புளிப்பு இல்லாவிட்டால் எல்லாமே திகட்டும். ஒன்று லிங்கன் பழம், காட்டில் விளையும் புளிப்பான சின்னச் சிவப்புப் பழம். சர்க்கரை போட்டுக் கிளறினாலே போதும், காய்ச்ச வேண்டாம். பழத்திலேயே பென்சாயிக் அமிலம் இருப்பதால் எளிதில் கெடாது. செப்டம்பரில் காட்டில் நீங்களே பறிக்கலாம், அங்கே அது எல்லோருக்கும் உள்ள உரிமை. இன்னொன்று வெள்ளரிக்காய்: மெல்லிசாகச் சீவி, உப்பிட்டு, கனம் வைத்து அழுத்திப் பிழிந்து, 12 சதவீத வினிகர் ஒரு பங்கு, சர்க்கரை இரண்டு, தண்ணீர் மூன்று என்ற கணக்கில் ஊறவிடுங்கள். கடையில் 24 சதவீத வினிகரும் பக்கத்திலேயே இருக்கும். லேபிளைப் பாருங்கள். அதுதான் கிடைத்தால் சம அளவு தண்ணீர் கலந்தபிறகே இந்தக் கணக்கு.

மிஞ்சிய உருண்டைகளை மறுநாள் பாதியாக நறுக்கி, ரொட்டியில் பீட்ரூட் சாலட் பரப்பி மேலே அடுக்குங்கள். சூடாக்க வேண்டாம்.