மீதி 1 வந்துவிட்டால் போதுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

2147483647 பகா எண்தானா என்று பார்க்க ஒரு நிரல் எழுதினேன். 2-ஐ 2147483646 அடுக்குக்கு உயர்த்தி, அந்த எண்ணால் வகுத்தேன். மீதி 1. பெர்மா தேற்றப்படி நிரூபித்துவிட்டேன் அல்லவா? இந்த எண்ணால் ஏதாவது பயன் உண்டா?

கதிரவன்

அன்புள்ள கதிரவன்,

அது பகா எண்தான். ஆனால் நிரூபித்தது நீங்கள் இல்லை, கணித மேதை ஆய்லர், 1772-இல். பெர்மா தேற்றம் சொல்வது இதுதான்: ஓர் எண் பகா எண் என்றால், அதன் மடங்காக இல்லாத எந்த எண்ணையும் அதைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி அதால் வகுத்தால் மீதி 1. மீதி 1 வந்தால் பகா எண் என்று அது சொல்லவில்லை. பெர்மா சோதனையை நிரூபணமாக நினைத்துக்கொள்ளும் இந்தப் பழக்கத்தைப் பற்றி எழுதவேண்டும் என்று இருந்தேன், உங்கள் கடிதம் வந்தது.

உங்கள் எண் 2³¹ − 1. அந்த எண்ணால் 2³¹-ஐ வகுத்தால் மீதி 1 என்பது பார்த்தாலே தெரியும். 2147483646 = 31 × 69273666. ஆக, நீங்கள் 1-ஐ 69273666 முறை பெருக்கியிருக்கிறீர்கள். வேறென்ன வரும்? உங்கள் எண் பகு எண்ணாக இருந்திருந்தாலும் இதே 1 வந்திருக்கும். தோற்கவே வழியில்லாத தேர்வில் தேறியதற்கு என்ன மதிப்பு?

2047-ஐ எடுத்துக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். அது 2¹¹ − 1. 2046 = 11 × 186. 2²⁰⁴⁶-ஐ 2047-ஆல் வகுத்தால் மீதி 1. ஆனால் 2047 = 23 × 89! அடுக்கு பகா எண்ணாக இருந்தால் இந்த வகை எண்கள் எல்லாமே 2-இன் சோதனையில் தப்பித்துவிடும். இதைத் தெரிந்துகொள்ளாமல் ‘நிரூபித்துவிட்டேன்’ என்று எழுதக்கூடாது. 2-க்குப் பதில் 3 என்று மாற்றினால் 2047 மாட்டிக்கொள்ளும். அதற்காக அதுவும் நிரூபணம் ஆகிவிடாது. 561 = 3 × 11 × 17. இந்த மூன்றின் மடங்காக இல்லாத எந்த எண்ணை வைத்துச் சோதித்தாலும் 561 தேறிவிடும்.

நிரலை நீங்களே எழுதினீர்கள் பாருங்கள், அது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 2 இருக்கும் இடத்தில் 7 போடுங்கள். பிறகு இதையும் சேருங்கள்:

2147483646 = 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331

முழு அடுக்குக்கு மீதி 1 வரவேண்டும். அடுத்து, அடுக்கை 2, 3, 7, 11, 31, 151, 331 ஆகிய ஒவ்வொன்றாலும் தனித்தனியே வகுத்து, 7-ஐ அந்த அடுக்குகளுக்கு உயர்த்துங்கள். ஏழில் ஒருமுறைகூட மீதி 1 வரக்கூடாது. அப்படியானால் 7-இன் அடுக்குகள் முதன்முதலாக 1-ஐத் தொடுவது 2147483646-ஆவது அடுக்கில்தான். பகு எண்ணில் அவ்வளவு நீளமான சுற்றுக்கு இடமே கிடையாது. 2-இன் சுற்று வெறும் 31-இல் முடிந்துவிடுகிறது. அதனால்தான் அது எதற்கும் சாட்சி ஆகவில்லை.

பெருக்கும்போது 64 பிட் மாறியில் வையுங்கள். குறியுள்ள 32 பிட்டில் அடங்கும் மிகப்பெரிய எண்ணே 2147483647-தான் என்பதால், பெருக்கினால் வழிந்து தப்பான மீதி வரும்.

பயன் கேட்டிருந்தீர்கள். 7⁵ = 16807. 2147483647-ஐவிடச் சிறிய ஏதாவது ஓர் இயல் எண்ணில் தொடங்கி, 16807-ஆல் பெருக்கி, 2147483647-ஆல் வகுத்து, மீதியை மறுபடி பெருக்கிக்கொண்டே போனால் 1 முதல் 2147483646 வரை எல்லா எண்களும் தலா ஒருமுறை கலைந்து வரும். 1-இல் தொடங்கினால் 16807, 282475249, 1622650073. விளையாட்டு நிரலில் குலுக்கி எடுத்ததுபோன்ற எண்கள் வேண்டுமானால் இது தாராளம். கடவுச்சொல் உருவாக்க மட்டும் எடுக்காதீர்கள். ஒரு மீதி தெரிந்தவனுக்கு அடுத்தது எல்லாம் தெரியும்.