சோர்வு – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் அப்பாவுக்குக் கல்லீரல் புற்றுநோய். கட்டிக்குள் இருக்கும் நோய் எதிர்ப்புச் செல்கள் செயலற்றுக் கிடப்பதாக ஒரு காணொளியில் பார்த்தேன். அந்தச் சோம்பேறிகளைத் தட்டி எழுப்பக் கீழாநெல்லிச் சாறு கொடுக்கலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அப்பாவை எண்ணித் தவிக்கும் உங்கள் மனம் புரிகிறது. ஆனால் காணொளி பார்த்து வைத்தியம் செய்யத் துணிவதை என்னவென்று சொல்வது? மருத்துவருக்குத் தெரியாமல் எந்தச் சாற்றையும் கொடுக்காதீர்கள். உள்ளே போவதையெல்லாம் நோயுற்ற அந்தக் கல்லீரல்தான் சமாளிக்க வேண்டும். சாற்றைப் பற்றி இவ்வளவு போதும்.

'சோம்பேறி' என்ற சொல்லைத்தான் என்னால் கடந்துபோக முடியவில்லை. பீகிங் பல்கலைக்கழகத்தின் ஜாங் செமின் குழுவினர், கல்லீரல் புற்றுநோயாளிகள் 6 பேரின் ரத்தம், கட்டி, அதை ஒட்டிய திசு ஆகியவற்றிலிருந்து நோய் எதிர்ப்புச் செல்களில் ஒரு வகையான டி செல்கள் 5,063ஐப் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றிலும் எந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்று தனித்தனியே படித்து, 2017இல் வெளியிட்டார்கள். நீங்கள் செயலற்றவை என்று ஒதுக்கும் செல்களில், செல்லின் தாக்குதலை அடக்கும் பிடி-1 போன்ற தடைப் புரதங்களுக்கான மரபணுக்கள் மும்முரமாக இயங்கிக்கொண்டிருந்தன. லேயிலின் என்ற இன்னொரு புரதத்தின் மரபணுவும் அப்படியே. ஆய்வகத்தில் லேயிலினை டி செல்லுக்குள் மிகுதியாக இயக்கியபோது, அந்தச் செல் நோயை எதிர்க்கச் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா என்ற புரதம் குறைந்தது. எதிரியின் முகத்திலேயே நெடுங்காலம் விழித்துக் கிடந்த செல், தனக்குத்தானே கடிவாளம் போட்டுக்கொள்கிறது. ஆய்வாளர்கள் இதற்கு வைத்த பெயர் சோர்வு.

என் அப்பா மருத்துவமனையில் கிடந்தபோது அம்மா பதினொரு இரவுகள் கண்விழித்தாள். பன்னிரண்டாம் நாள் விடியலில் நான் போனபோது, ஆறிப்போன காப்பி டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்தபடி, கண் திறந்தே உட்கார்ந்திருந்தாள். குளுக்கோஸ் பாட்டில் காலியாகியிருந்தது. "இதைக்கூடப் பார்க்கமாட்டாயா?" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். டம்ளரைக் கீழே வைக்கவும் தோன்றாமல் அவள் அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். உங்கள் கடிதத்தில் அந்தச் சொல்லைக் கண்டதும் என் குரல்தான் எனக்குக் கேட்டது.

கல்லீரல் புற்றுநோய்க்கு அட்டிசோலிசுமாப், பெவாசிசுமாப் என்ற இரண்டு மருந்துகளையும் சேர்த்து எடுத்தவர்களில் 67.2 விழுக்காட்டினரும், பழைய சொராஃபெனிப் மாத்திரை எடுத்தவர்களில் 54.6 விழுக்காட்டினரும் ஓராண்டு முடிவில் உயிரோடு இருந்ததாக 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. முதல் மருந்து, பிடி-1 வழியாக விழும் அந்தத் தடையை விலக்குகிறது. ஆனால் முற்றிலும் சோர்ந்த செல்கள் பெரும்பாலும் மீள்வதில்லை, இன்னும் தெம்பு மிச்சமிருப்பவையே பெருகுகின்றன. ஈரல் சுருக்கத்தின் அளவையும், உணவுக்குழாயின் ரத்த நாளங்கள் புடைத்திருக்கின்றனவா என்பதையும் பார்த்துத்தான் இந்தச் சிகிச்சையை முடிவு செய்வார்கள். மருத்துவரிடம் இதைக் கேளுங்கள்.

இரவில் அப்பாவோடு இருப்பது யார் என்று நீங்கள் எழுதவில்லையே.